காலியாகாத தொட்டி

முட்டைக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் முந்தின வேளையே வயிற்றைக் காயப் போட்டுவிட்டுப் போவது நல்லது என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ‘போதும்’ என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் செல்வாக்கே கிடையாது. தட்டில் பாதி தீர்வதற்குள் கரண்டியோடு வந்து நிற்பார். கையை நீட்டி மறைத்தால் விரல் இடுக்கில் ஊற்றுவார். கல்யாணமான புதிதில் மனைவி கரண்டியை ஒளித்து வைத்துப் பார்த்தாள். மனிதர் பாத்திரத்தையே தூக்கிவந்து கவிழ்த்தார். அந்த வீட்டு நாய் நடப்பதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது. யாராவது வந்தால் படுத்தபடியே குரைக்கும், அதுவும் தெரிந்தவர்கள் என்றால் இரண்டு தடவைதான்.

இது பெருந்தன்மை என்று சிலர் சொல்வார்கள், பீற்றல் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் இல்லை. அவருக்குப் பத்து வயதானபோது அப்பா வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா ஒரு துணி மில்லில் இருந்தாள். வீட்டில் அவரும் நான்கு வயதுத் தங்கையும். ஒரே தட்டில் இருவருக்கும் சோறு. அவர் மெதுவாகச் சாப்பிடுவார், அவள் வேகமாகச் சாப்பிடுவாள். கடைசி உருண்டை எப்படியும் அவள் பக்கம்தான் போகும். அதுவும் தீர்ந்த பிறகு அவள் காலித் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள், கேட்கமாட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்கு இந்த ஐம்பத்து நாலு வயதிலும் ஆறவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாமும் இதற்கு மேல் கிளற வேண்டாம்.

இருபது வயதில், வாடகை வீட்டின் பின்புறம் முப்பது கோழியோடு தொழிலைத் தொடங்கினார். இப்போது ஊர்க் கடைசியில் இரண்டு நீளக் கொட்டகை, ஆயிரத்து எண்ணூறு கோழி. இடுப்பளவுச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, வெயிலுக்கும் சாரலுக்கும் இறக்கிவிடச் சாக்குப் படுதா. உள்ளே மூன்று அடுக்குக் கூண்டுகள். கூண்டின் தரை முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இட்ட முட்டை தானே உருண்டு வந்து வெளி விளிம்பில் நிற்கும். அதற்கு மேலே கூண்டின் முகப்பு நெடுகத் தகரத் தொட்டி, அதில்தான் தீனி. தலைக்கு மேல் குழாயில் சின்னச் சின்னத் தண்ணீர் முனைகள், அலகால் தட்டினால் சொட்டும்.

தொழில் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. பகல் குறுகுகிற மாதங்களில் விளக்குப் போட்டு வெளிச்சத்தைப் பதினாறு மணி நேரத்துக்கு இழுத்துப் பிடிப்பார். வெயில் ஏறினால் கூரைமேல் தண்ணீர் தெளிப்பார். கொட்டகை வாசலில் நின்று காதைக் கொடுத்தே எந்த வரிசையில் தண்ணீர் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். முட்டைக்காரரின் முட்டை கீழே விழுந்தால் தரைதான் விரியும் என்று பக்கத்துத் தெரு பேக்கரிக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சில் முட்டைக்காரருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. வெளியே காட்டிக்கொள்ளமாட்டார், ஆனால் பேக்கரிக்காரருக்கு டஜனோடு ஒன்று கூடப் போகும்.

தீனி வருவது தங்கை வீட்டு மில்லிலிருந்து. தங்கையை மில்லுக்காரருக்குக் கட்டிக் கொடுத்தது அவர்தான். மில்லுக்காரர் ஒல்லியான மனிதர். ஒரு நாளைக்கு எண்ணி இருபது வார்த்தை பேசுவார், அதிலும் பாதி ‘ம்’. சுற்று வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு பண்ணைக்கு அவர்தான் அரைத்துக் கலந்து கொடுக்கிறார். மக்காச்சோளக் குருணை, சோயாப் பிண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் தூள், ஒரு சிட்டிகை மருந்துப் பொடி. இதில் கிளிஞ்சல் தூள்தான் முட்டை ஓட்டுக்கு உரம். அதை வேலையாள் கையில் விடமாட்டார், தானே அள்ளித் தானே நிறுத்துப் போடுவார். தங்கை வாரத்துக்கு இரண்டு நாளாவது அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணியோடு உட்கார்ந்து முட்டை தரம் பிரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசிவிட்டுப் போவாள். எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கெடுதல் வந்தது ஓய்வின் வழியாக. இருபது வருஷமாக முட்டைக்காரர் காலையில் தீனி போட்டுவிட்டு ஏழு மணிக்கு முட்டை வண்டியை எடுத்தால், கடை கடையாக இறக்கிவிட்டு மூன்று மணிக்குத்தான் திரும்புவார். வந்து இன்னொரு தடவை தீனி போடுவார். நடுவில் தொட்டியை யாரும் தொடுவதில்லை, மனைவிக்கு முட்டை பொறுக்கவே நேரம் சரியாக இருக்கும். பிறகு ஒரு மொத்த வியாபாரி, நானே வாசலில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். முதுகுவலிக்கும் அது சௌகரியமாக இருந்தது. வண்டியை விற்றார். திடீரென்று ஒரு நாளில் எட்டு மணி நேரம் கையில் வந்து விழுந்தது.

சும்மா இருக்கத் தெரிந்தவர் கையில் விழுந்திருந்தால் பரவாயில்லை. இவர் பத்து மணிக்குக் கொட்டகைக்குள் போவார், தொட்டி முக்கால்வாசி தீர்ந்திருக்கும். மனசு கேட்காது. ஒரு சுற்றுப் போடுவார். ஒரு மணிக்கு மறுபடி போவார், மறுபடி ஒரு சுற்று. இருபது வருஷமாகத் தான் இல்லாத நேரத்தில் இந்த ஜீவன்கள் வெறும் தகரத்தைக் கொத்திக்கொண்டிருந்தனவே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாகவே இருந்தது. அன்றைக்கிருந்து நாளைக்கு நாலு வேளை. தொட்டி விளிம்பு தெரியக்கூடாது என்பது சட்டமாயிற்று. மனைவி ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள், கோழியும் நம்ம வீட்டு நாய் மாதிரி ஆகிவிடப் போகிறது என்று. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு வாளி கொண்டுபோனார்.

இரண்டு மாதத்தில் முட்டை ஓடு மெலிந்தது. முதலில் தட்டில் அடுக்கும்போது இரண்டு, மூன்று விரிந்தன. பிறகு உருண்டு வந்து விளிம்பில் நிற்பதற்குள்ளேயே கீறல் விழுந்தது. ஒரு நாள் ஓடே இல்லாமல், வெறும் தோலுக்குள் தளதளவென்று இரண்டு முட்டை கிடந்தன. மனைவி அவற்றை உள்ளங்கையில் வைத்து எடுத்துவந்து காட்டினாள். முட்டைக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்த வீட்டில் அது பெரிய செய்தி.

வெயில் என்றார். படுதாவை நனைத்துத் தொங்கவிட்டார், குறையவில்லை. கோழிக்கு வயதாகிறது என்றார். இளங்கோழி வரிசையிலும் அதே கதிதான். தண்ணீர், எலி, சாலையில் தார் போடுகிற இயந்திரத்தின் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டுப் பார்த்தார். பழி போட ஆளில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த வேளையில், தங்கை வீட்டு மில்லுக்குப் புது அரவை இயந்திரம் வந்தது. பளபளவென்று, பச்சைப் பெயிண்ட் அடித்து. சந்தேகத்துக்கு உட்கார ஒரு மணை கிடைத்துவிட்டது. இயந்திரம் வாங்க எங்கிருந்து மிச்சம் பிடித்திருப்பார்? கிளிஞ்சல் தூளில்தான். முதலில் இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டார், பிறகு மனைவியிடம் சொன்னார். அவள், வாயைக் கழுவுங்கள் என்றாள். அவர் கழுவவில்லை. கடையில் கிளிஞ்சல் தூள் வாங்கிவந்து, தானே தீனியில் கலந்து போட்டுப் பார்த்தார். அப்போதும் ஓடு தேறவில்லை. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே யோசித்திருப்பான். இவரோ, மில்லில் சுத்தமாகப் போடுவதே இல்லை போலிருக்கிறது, அதனால்தான் நான் போட்ட பிடி போதவில்லை என்று முடிவு கட்டினார்.

மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்துக்கு வீட்டில் ஒரு விருந்து வைத்தார். பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பேக்கரிக்காரர், அடுத்த வீட்டுத் தையல்காரர், மகளுக்குப் பாடம் சொன்ன டீச்சர், மனைவியின் அண்ணன் தம்பி குடும்பங்கள், கொட்டகைக்கு மின்சார வேலை செய்பவர், மில்லிலேயே தீனி வாங்குகிற இரண்டு பண்ணைக்காரர்கள். தங்கை காலையிலேயே வந்து அண்ணியோடு அடுப்படியில் நின்றாள். மில்லுக்காரர் வேலை முடித்துவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

சாப்பாட்டு நடுவில் பேக்கரிக்காரர் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். முன்னெல்லாம் உங்கள் முட்டை விழுந்தால் தரை விரியும், இப்போதெல்லாம் முறைத்துப் பார்த்தாலே உடைகிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முட்டைக்காரர் கையில் கரண்டியோடு நின்றார், முகம் சிவந்துவிட்டது.

“கோழியக் கேக்காதீங்க. மில்லுல கிளிஞ்சல் போடுற கையக் கேளுங்க. தங்கச்சி புருஷனாச்சேன்னு மூட்டையப் பிரிச்சுப் பாக்காம விட்டேன் பாருங்க, அதுதான் நான் பண்ண தப்பு.”

சிரிப்பு நின்றது. தங்கை தண்ணீர்ச் செம்போடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். செம்பை மேஜைமேல் வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், முன்வாசல் வழியாகப் போய்விட்டாள். அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த வீட்டில் காலி வயிற்றோடு எழுந்து போன முதல் ஆள் அவள்தான். மில்லுக்காரர் விருந்தில் தலைகாட்டவே இல்லை. செய்தி காற்றுவாக்கில் எட்டியிருக்கும் என்று முட்டைக்காரர் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூட்டை வந்தது, தங்கை வரவில்லை. செவ்வாய் தவறாமல் மில் வண்டி வந்து இறக்கிவிட்டுப் போகும். முட்டைக்காரர் வேறு மில் தேடவுமில்லை, பக்கத்தில் வேறு மில்லும் இல்லை. மனைவி தனியாக உட்கார்ந்து முட்டை பிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் தானாக எடுத்துப் பேசிய ஒரே பேச்சு, கூடப் பிறந்தவளைவிட ஓடு முக்கியமாகப் போய்விட்டது என்பதுதான். தான் வளர்த்த பெண் தன் வாசலை மிதிக்காதது அவரை அரித்தது. அதைவிட, தான் சொன்னது சரிதான் என்ற பிடிவாதம் இன்னும் கெட்டியாக இருந்தது. முட்டை ஓடு மட்டும்தான் கெட்டிப்படாமல் இருந்தது.

கடைசியில் கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். உண்மையில் அவருக்கு வேண்டியது வைத்தியம் அல்ல, சாட்சி. பிரிக்காத மூட்டையிலிருந்து தீனி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்றார். டாக்டரம்மா சின்ன வயசு, கறாரான பேர்வழி. மூட்டையிலிருந்தும் எடுத்தார், தொட்டியிலிருந்தும் எடுத்தார். பத்து நாள் கழித்துக் காகிதத்தோடு வந்தார். முட்டைக்காரர் நிமிர்ந்து நின்றுகொண்டார், மனைவியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

மூட்டையில் கிளிஞ்சல் தூள் இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலாகவே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆனால் கோழி கொத்துகிற மேல் தீனியில் பாதிகூட இல்லை. மீதி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்துவிட்டார். காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை அசையவில்லை. முட்டைக்காரர் பத்து மணிக்கு ஒரு சுற்றுப் போட்டார், ஒரு மணிக்கு ஒரு சுற்றுப் போட்டார். டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வந்து தீனித் தொட்டிக்குள் ஒரு கரண்டியை விட்டு அடிவரை இறக்கினார். கரண்டி பாதியில் எதன் மேலோ முட்டி நின்றது. நெம்பி எடுத்ததும் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. இரண்டு விரல் கனம், பூசின சுவர் மாதிரி இறுகி, ஊசல் வாடை அடித்தது.

“இந்தத் தொட்டி ஒரு நாளைக்கு எப்ப காலியாகும்?”

“காலியாகவே விடமாட்டேன் டாக்டரம்மா.”

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டரம்மா திட்டவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி விளக்கினார். கோழிக்குக் கண்ணில் படுவது குருணைதான். முதலில் அதைத்தான் பொறுக்கும். தூள் அடியில் தங்கும். தொட்டி தீர்ந்தால்தான் வேறு வழியில்லாமல் தூளையும் வழித்துத் தின்னும். இங்கேயோ அது அடிக்குப் போவதற்குள் மேலே புதுக் குருணை வந்து விழுகிறது. கோழி எதற்கு அடிக்குப் போக வேண்டும்? கிளிஞ்சலும் மருந்தும் ஐந்தாறு மாதமாகத் தகரத்துக்குத் தீனியாகியிருக்கின்றன, கோழிக்கு இல்லை. காலையில் ஒரு வேளை, பிற்பகலில் ஒரு வேளை போடுங்கள், நடுவில் இரண்டு மணி நேரமாவது தொட்டி வெறுமையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

முட்டைக்காரர் அந்தக் கட்டியைக் கையிலேயே வைத்திருந்தார். ஆனால் மூட்டையில் கிளிஞ்சல் எப்படிக் கூடுதலாக வந்தது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அடுத்த செவ்வாய் மூட்டை இறக்க வந்த வண்டி டிரைவரைக் கேட்டார். டிரைவர் சும்மா சொல்கிற மாதிரி சொன்னார், உங்கள் வீட்டு விருந்து நடந்த மறுநாளிலிருந்து உங்கள் மூட்டைக்கு மட்டும் முதலாளி ஒரு கை கூடப் போடுகிறார், ஏன் என்று கேட்டால் ‘ம்’ என்கிறார் என்று. டிரைவர் போன பிறகும் முட்டைக்காரர் வாசலிலேயே நின்றார். மனைவி தீனி அறைச் சாவியைச் சுவர் ஆணியிலிருந்து எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தொட்டிகளைச் சுரண்டிக் கழுவ இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வேளைத் தீனி. பன்னிரண்டு மணிக்குத் தொட்டி தீர்ந்தது. ஆயிரத்து எண்ணூறு கோழியும் தகரத்தைக் கொத்துகிற சத்தம் வீட்டுக்குள் வரை கேட்டது. முட்டைக்காரர் சாவியைக் கேட்டார். அவள் தரவில்லை. ஒரு மணிக்கு மறுபடி கேட்டார். அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அவர் சாலைவரை நடந்துபோய் நின்றுவிட்டு இரண்டரைக்கு வந்தார். தொட்டி அடி கண்ணாடியாக மின்னியது, ஒரு தூள் மிச்சமில்லை. பன்னிரண்டாம் நாள் பொறுக்கிய முட்டையில் ஒன்றை மனைவி மேஜையில் தட்டினாள். இரண்டாவது தட்டில்தான் உடைந்தது.

அன்றைக்கே மில்லுக்குப் போனார். மில்லுக்காரர் வண்டியோடு வெளியே போயிருந்தார். தங்கை மட்டும் எடைத்தட்டுப் பக்கத்தில் நின்று சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்து ஊசியை நிறுத்தவில்லை. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: தொட்டி, கட்டி, பரிசோதனைக் காகிதம். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றார். சொல்லி முடித்ததும் ஒரு பாரம் இறங்கியதாக நினைத்தார். அது அவர் நினைப்பு.

“எங்கிட்ட எதுக்குண்ணே சொல்ற? எங்க வீட்டுக்காரர் கை எப்பிடின்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்குக் கேட்டவங்க பதினஞ்சு பேரு. ஒவ்வொருத்தர் வாசல்லயும் போய் நின்னு சொல்லு. சொல்லிட்டு வா, அப்பறம் பேசலாம்.”

சின்ன வயதில் தட்டைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்த பெண் இவள். இப்போது கேட்டுவிட்டாள், அதுவும் நியாயமாகக் கேட்டுவிட்டாள். அவர் சரி என்றார்.

பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எப்படியும் அவரால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார முடியாது. அந்த நேரத்தில் வாசல் வாசலாகப் போனார். ஐம்பத்து நாலு வயது மனிதர், வெயிலில், குற்றவாளியாக. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்து, எந்தப் பேச்சு, எனக்கு நினைவில்லையே என்றார். நினைவில்லாதவருக்கு முதலில் தன் பழியை நினைவூட்டி, பிறகு அதைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. தையல்காரர், நான் அன்றைக்கே நம்பவில்லை என்றார். அன்றைக்குத் தலையாட்டியது அவர்தான். டீச்சர் முழுசாகக் கேட்டுவிட்டு, இப்போது தொட்டி காலியாகிறதா என்று மட்டும் கேட்டார். மைத்துனர்கள் இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தீனி போட்டே முட்டையை உடைத்த ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்றார்கள். சிரிக்கட்டும் என்று நின்றார். சிரித்தாலாவது நாலு பேரிடம் சொல்வார்கள்.

பண்ணைக்காரர்கள் இருவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர்களில் ஒருவர் அவர் பேச்சை நம்பி, விருந்து முடிந்த வாரமே அந்த மில்லை விட்டு, தொலைவில் வேறொரு மில்லுக்குப் போயிருந்தார். போனதோடு நிற்காமல் தனக்குத் தெரிந்த இன்னொரு பண்ணைக்கும் சொல்லி அந்த மில்லை விடவைத்திருந்தார். மச்சானே சொல்கிறார் என்றால் பொய்யாகவா இருக்கும் என்பது அவருடைய வாதம். முட்டைக்காரர் அந்த இன்னொரு பண்ணையைத் தேடிக்கொண்டு பஸ் ஏறினார். முன்பின் தெரியாத மனிதரின் கோழிக் கொட்டகை வாசலில் நின்று, நீங்கள் கேள்விப்பட்டது பொய், அதைச் சொன்னவன் நான்தான் என்றார். அந்த மனிதர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது இவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர் வாயைத் திறந்துவிட்டது தன் வாய்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிய ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் மில்லுக்குப் போனார். தங்கை வெளியே வந்தாள். பதினைந்து பேரிடமும் சொல்லிவிட்டேன், கணக்கில் இல்லாத ஒருவரிடமும் சொல்லிவிட்டேன் என்றார். தெரியும் என்றாள். இவர் சொன்னதை யாரெல்லாம் வந்து அவளிடம் சொன்னார்களோ. போன பண்ணைகளில் ஒன்று நேற்றுத் திரும்பி வந்துவிட்டதாம், மற்றது வரவில்லையாம். அதையும் அவள்தான் சொன்னாள்.

“இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காருண்ணே. நீ அன்னிக்குச் சொன்னப்ப இவரு வந்துட்டாரு. வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு நின்னாரு. நான் வெளிய வந்தப்ப கையில செருப்பு. மில்லப் பூட்டாம வந்துட்டேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு.”

முட்டைக்காரர் தன் கால் செருப்பைப் பார்த்தார். காற்றுவாக்கில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று இத்தனை நாள் தேற்றிக்கொண்டிருந்த வார்த்தை, அவர் வாயிலிருந்து நேராக அந்த மனிதர் காதுக்கே போயிருக்கிறது. தன் வீட்டு வாசலில், சாப்பிட வந்தவரிடம்.

உள்ளே போனார். பச்சை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மில்லுக்காரர் புருவத்திலெல்லாம் மாவு படிந்து, சாக்கு வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டைக்காரர் பேசினார். சத்தத்தில் அவருக்கே அவர் குரல் கேட்கவில்லை. மில்லுக்காரர் சாக்கைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் இயந்திரத்தை நிறுத்தினார். சுற்றுவது நிற்கும்வரை இருவரும் நின்றார்கள்.

“இப்பச் சொல்லுங்க மச்சான்.”

மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். பதினாறு தடவை சொல்லிப் பழகிய பேச்சு, இங்கே வந்து தடுமாறியது. மில்லுக்காரர் எல்லாம் கேட்டுவிட்டு, தான் கூடப் போட்டது என்னவாயிற்று என்று மட்டும் விசாரித்தார். அதுவும் அடியில்தான் கிடந்தது, சுரண்டி எறிந்தேன் என்றார் முட்டைக்காரர். மில்லுக்காரர் தன் வலது உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூளைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மச்சான். நேரா இங்க வந்து உங்க மூட்ட அத்தனையும் பிரிச்சு எட போட்டுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. ஆனாலும் மனசு நம்பல. உங்க தங்கச்சிக்குத் தெரியாது, அன்னிலேர்ந்து யார் மூட்டையா இருந்தாலும் ரெண்டு தடவ நிறுத்துட்டுத்தான் தைக்க விடுறேன். முப்பது வருஷம் போட்ட கை. இப்ப அத நான் நம்புறதில்ல.”

அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி முட்டைக்காரர் கேட்டதே இல்லை. அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். மன்னித்துவிடு மாப்ள என்று சொல்ல வாயெடுத்தார். தைக்காத மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதார். அவர் அழுது முடிக்கும் வரை மில்லுக்காரர் இயந்திரத்தைப் போடவில்லை.